உச்சந்தலையில் ஒரு தடம்

அத்தியாயம் 14

"இந்தத் தவணைக்கு டொக்டர் கட்டாயம் வருவார் அம்மா" என்று சட்டத்தரணி யோகநாதன் போன தவணையிலும் சொன்னவர். அதற்கு முந்தின தவணையிலும் சொன்னவர். அதனால் காலை எட்டரைக்கே கிளிநொச்சியில் நீதிமன்ற வாசல் வாங்கில் வந்து இருந்துவிட்ட வடிவம்மா, டொக்டர் வந்து என்ன சொல்லப்போகிறார் என்று யோசிக்கவில்லை. பின்னேரம் ஜெயபுரம் பஸ் மூன்றேகாலுக்கா மூன்றரைக்கா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருசமும் நாலு மாதமும் ஒரு மனுசியை இப்படித்தான் ஆக்கிவிடும். முதல் தவணைக்கு வந்தபோது அழுதாள். பிறகு கொஞ்சக் காலம் எல்லோர் மேலும் கோபப்பட்டாள். இப்போது நீதிமன்றம் என்றால் அவளுக்கு இடுப்பு நோ, அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்லப்போனால் நாலு வரிக்கு மேல் இல்லை. பெற்றோலும் பசளையும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற ஆடி மாதம் அது. மகன் பிரதாபன் எங்கேயோ தேடிப்பிடித்துப் பெயர் ஒட்டாத போத்தல் ஒன்றில் களைநாசினி வாங்கிவந்து அடித்தான். களை நின்றது, பயிர் கருகியது. இரண்டு ஏக்கர். கிணற்றடியில் வைத்துத் தகப்பன் சிவராசா மண்வெட்டியை ஓங்கினார், மகன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான், அவர் மல்லாக்க விழுந்ததில் பின்மண்டை தண்ணீர்ப் பம்பு நிற்கிற சீமெந்து மேடையில் அடிபட்டது. மகன் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வான் பிடிக்கப் போனேன் என்றான் அவன். தப்பி ஓடினான் என்றது பொலிஸ். சும்மா ஓடவில்லை, விழுந்து கிடந்த தகப்பனின் கழுத்தைத் தன் தோள் துவாயால் இறுக்கிவிட்டு ஓடினான் என்றது குற்றப்பத்திரிகை.

வடிவம்மா அந்த நேரம் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றவள். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது மகனின் முதுகையும், மோட்டார்சைக்கிள் புழுதியையும், நிலத்தில் கிடந்த புருசனையும்தான் கண்டாள். இடையில் என்ன நடந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. போன மாதம் சாட்சிக் கூண்டில் ஏறி அதைத்தான் சொன்னாள். அது மகனுக்கு உதவவும் இல்லை, உபத்திரவமும் செய்யவில்லை.

"அம்மா, வடை சாப்பிடுங்கோ. காலமையும் ஒண்டும் சாப்பிடேல்லை" என்றாள் மகள் சுதாஜினி. அக்கராயனில் கட்டிக்கொடுத்தவள். தவணை நாட்களில் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து தாய்க்குத் துணையிருப்பாள்.

"வை, பிறகு சாப்பிடுறன்."

"அங்கை பாருங்கோ, மாமியும் வந்திட்டா."

வாங்கின் மற்ற நுனியில், ஒரு கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அன்னபாக்கியம் இருந்தாள். சிவராசாவின் மூத்த சகோதரி, சுதாஜினிக்கு மாமி. முறைப்பாடு கொடுத்தவள். மூன்று வருசமாக வடிவம்மாவோடு ஒரு சொல் கதைக்காதவள். ஜெயபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில்தான் இருவரும் வருவார்கள், ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். ஒருத்தி முன்கதவால் இறங்கினால் மற்றவள் பின்கதவால் இறங்குவாள். ஊரில் இதற்குள் இது ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது.

ஒன்பதரைக்குச் சிறைச்சாலை பஸ் வந்து நின்றது. விலங்கு பூட்டிய கையோடு இறங்கிய பிரதாபன் தாயைத் தேடிப் பார்த்தான். இருபத்தெட்டு வயதுப் பெடியனின் காதோரம் நரைத்திருந்தது. வடிவம்மா தலையை மட்டும் அசைத்தாள். சாப்பிட்டியோ என்று கேட்கிற அசைவு அது. அவனும் ஓம் என்று அசைத்தான். சாப்பிட்டிருக்கமாட்டான் என்று இருவருக்கும் தெரியும்.

யாரும் எதிர்பாராமல், டொக்டரும் வந்துவிட்டார்.

சட்ட வைத்திய அதிகாரி செல்வநாயகம் ஓய்வுபெற இரண்டு வருசம் இருக்கிற மனிதர். மெலிந்த உடம்பு, கையில் ஒரு தடித்த கோப்பு. சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டு இங்கிலீசில் தொடங்கினார். நீதிபதி கையை உயர்த்தி, "தமிழிலேயே சொல்லுங்கள் டொக்டர், எதிரிக் கூண்டில் நிற்கிறவருக்கும் விளங்கட்டும்" என்றார். டொக்டர் தலையாட்டினார். அவரும் களைத்துப்போய்த்தான் இருந்தார். காலையில் ஒரு பிரேதம் வெட்டிவிட்டு வந்தவர் என்று பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள்.

அரச சட்டவாதி இளம் பெண். சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"இறந்தவரின் தலையில் என்ன காயம் இருந்தது?"

"பின்மண்டையில் தோல் வெடித்த காயம். எலும்பு முறியவில்லை. உள்ளே சிறிய இரத்தக்கசிவு."

"மரணத்துக்கு அது போதுமா?"

"போதாது. ஆழ்ந்த மயக்கம் வந்திருக்கும். மூச்சு மிக மெதுவாக ஓடியிருக்கும். பயிற்சி இல்லாத ஒருவர் பார்த்தால் மூச்சு இருப்பதே தெரியாத அளவுக்கு. ஆனால் அந்தக் காயத்தோடு அவர் வைத்தியசாலைக்கு வந்திருந்தால் பிழைத்திருக்கக் கூடும்."

பிழைத்திருக்கக் கூடும் என்ற சொல்லைக் கேட்டதும் வடிவம்மா நிமிர்ந்து இருந்தாள். இத்தனை காலத்தில் இதை ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. மனுசன் விழுந்த உடனேயே முடிந்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"அப்படியென்றால் மரணத்துக்குக் காரணம் என்ன?"

"மூச்சு அடைபட்டது. விழுந்த வேகத்தில் மூக்குக்குள் கசிந்த இரத்தம் அங்கேயே கட்டியிருந்தது. அதோடு வெளியிலிருந்து ஓர் அழுத்தம். நாடிக்குக் கீழே, தொண்டைக்கு மேலே, இரண்டு விரல் அகலத்தில் ஒரு தடம். அது கழுத்தைச் சுற்றிப் பின்னால் போகவில்லை. இரண்டு காதுகளின் முன்பக்கமாக மேலே ஏறிப்போயிருந்தது. மெல்லிய துணியால் வந்த தடம்."

"ஒருவர் தலைமாட்டில் நின்று, துவாய் ஒன்றைக் கீழே கொடுத்து மேல்நோக்கி இழுத்தால் இப்படித் தடம் வருமா?"

டொக்டர் கொஞ்சம் யோசித்தார். "வரலாம்."

மேசையில் கிடந்த நீலக்கோட்டுத் துவாயைக் காட்டி, அது சான்றுப்பொருள் இரண்டு என்று அரச சட்டவாதி பதிவு செய்வித்தாள். அந்தத் துவாயை வடிவம்மாதான் வவுனியாவில் வாங்கிக்கொடுத்தவள். தோய்த்துத் தோய்த்துக் கோடு மங்கிப்போன துவாய்.

நீதிபதி பேனையை வைத்துவிட்டு இடையில் புகுந்தார். "டொக்டர், இறந்த பிறகு செய்த ஏதாவது ஒன்றால் இந்தத் தடம் வந்திருக்க முடியாதா? எங்கள் ஆட்கள் பிரேதத்தின் வாய் திறவாதபடி நாடியைச் சேர்த்துக் கட்டுவது வழக்கம்தானே."

"அதை நானும் யோசித்தேன், கனம் நீதிபதி அவர்களே. இரண்டு காரணத்தால் விட்டுவிட்டேன். ஒன்று, இறந்த உடம்பில் கட்டினால் தடம் பதியும், ஆனால் தோலுக்கு அடியில் இரத்தம் கசியாது. இங்கே கசிந்திருந்தது. அந்தத் துணி இறுகின நேரம் அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. மற்றது, பிரேதத்தை அடையாளம் காட்டிய சகோதரியிடம் நான் நேரே கேட்டேன். ஒன்றும் கட்டவில்லை, ஒருவரும் தொடவில்லை என்று சொன்னார். குறித்து வைத்திருக்கிறேன்."

கோப்பைப் புரட்டினார். பிறகு, யாரும் கேட்காமலே, ஒழுங்கான மனிதர்கள் தமக்கு விளங்காததையும் சொல்லிவிடுகிற மாதிரி, இன்னொன்றும் சொன்னார்.

"உச்சந்தலையில் ஒரு சின்ன அழுத்தத் தடம் இருந்தது. புளியங்கொட்டை அளவு. அது எதனால் வந்ததென்று இன்றுவரைக்கும் என்னிடம் விளக்கம் இல்லை."

வடிவம்மாவிடம் இருந்தது.

அவளுடைய முடிச்சு அது. சிவராசாவின் பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து, நாடிக்குக் கீழே கொடுத்து, காதோரமாக மேலே கொண்டுவந்து, உச்சியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் போட்ட முடிச்சு. வாய் திறந்து போகக் கூடாதென்று முழங்காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு இறுக்கிய முடிச்சு. மூக்கு அடைபட்டுக் கிடந்த மனுசனுக்கு மூச்சுப்போக இருந்த வாயையும் அது மூடிவிட்டது.

மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தவள் அவள். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தவள். சாவைத் தெரியாதவளா வடிவம்மா? கடைசி யுத்தத்தில் மாத்தளனில் இருந்த மூன்று மாதத்தில் எத்தனை பேருக்கு மூக்கில் கைவைத்துப் பார்த்து இல்லை என்று சொன்னவள். வன்னியில் அவள் வயதுப் பெண்களுக்கு அதைப் பார்க்க டொக்டர் தேவையில்லை. அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அங்கேதான் அவளுடைய இளையவன் கோகுலன் போனான். எட்டு வயது. பங்கருக்குப் பக்கத்தில் கிடத்தி ஒரு சீலையால் மூடிவிட்டு ஓடவேண்டி வந்தது. கால் விரலைக் கட்டவில்லை, நாடியைக் கட்டவில்லை, வாய் திறந்தபடி கிடந்தான். அந்த வாய் இவ்வளவு காலமும் அவளுடைய கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் புருசன் கிணற்றடியில் கிடந்தபோது அழுவதற்கு முதல் வேட்டியைத் தேடி ஓடினாள். இந்த மனுசனுக்காவது செய்ய வேண்டியதை நேரத்துக்குச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தாள். நேரத்துக்கு முதலே செய்துவிட்டாள்.

அவள் தலையைத் தூக்கினாள். எதிரிக் கூண்டில் நின்ற பிரதாபன் டொக்டரைப் பார்க்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே அவன் தாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். கண் சந்தித்ததும் மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்ற ஆட்டல்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வான் பிடித்துக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது தகப்பனின் தலையில் அந்த வெள்ளைத் துணி இருந்தது. அவன் கண்டவன், அதைக் கண்டுதான் வானைத் திருப்பி அனுப்பினவன்.

மதிய இடைவேளை விட்டார்கள். ஒன்றரைக்குத்தான் குறுக்கு விசாரணை.

சுதாஜினி வெளியே வேப்பமர நிழலில் சோற்றுப் பார்சலை விரித்தாள். "டொக்டர் எங்கட பக்கமும் சொன்னவர் தானே அம்மா. தலைக்காயத்தாலை சாகேல்லையாம். அப்ப அண்ணா தள்ளினதாலை இல்லைத்தானே?"

"அது நல்லதில்லைப் பிள்ளை, துணியாலை எண்டால் அவன்ரை துவாயைத்தான் காட்டுவினம்" என்றாள் வடிவம்மா. "நீ சாப்பிடு. நான் மாமியோடை கதைச்சிட்டு வாறன்."

சுதாஜினியின் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "ஆரோடை?"

வடிவம்மா அதற்குள் நடந்துவிட்டாள்.

சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் இருந்த குழாயடியில் அன்னபாக்கியம் முகம் கழுவிக்கொண்டு நின்றாள். கழுவின முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். வடிவம்மா பக்கத்தில் போய் நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

"மச்சாள்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"டொக்டர் சொன்னது விளங்கினதோ உங்களுக்கு?"

"விளங்கினது."

"நான் கட்டேக்கை அவருக்கு..."

"சொல்லாதை." அன்னபாக்கியம் குழாயைப் பூட்டினாள். "எனக்குத் தெரியும். அவிழ்த்தது நான்தானே."

அதுவும் உண்மை. தம்பி விழுந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தவள் அன்னபாக்கியம். அந்த நேரம் பார்த்துக் கிராம அலுவலரான விதானையார் போனில் அழைத்தார். பொலிஸ் வருமட்டும் ஒருத்தரும் ஒன்றையும் தொடக்கூடாது, தொட்டால் எல்லோருக்கும் வழக்கு என்று சொன்னார். தொட்டுவிட்டோமே என்ற பயத்தில் அன்னபாக்கியம் கட்டை அவிழ்த்து, துணியைக் கொண்டுபோய் அடுப்புக்குள் போட்டாள். வடிவம்மா அப்போது கால்மாட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். தடுக்கவும் இல்லை, பிறகு அதைப்பற்றி யாரிடமும் கதைக்கவும் இல்லை. பொலிஸ் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. ஒரு கட்டு, ஒரு அவிழ்ப்பு. சொல்ல வேண்டிய விசயம் என்று அப்போது இருவருக்கும் தோன்றவில்லை.

"டொக்டர் என்னை நேரே கேட்டவர்" என்றாள் அன்னபாக்கியம். "சவச்சாலை வாசலிலை வைச்சு. அம்மா, ஏதும் கட்டினீங்களோ எண்டு. பக்கத்திலை பொலிஸ்காரன் நிண்டவன். இல்லை எண்டு சொல்லிப்போட்டன். ஒரு சொல்லுத்தானே எண்டு நினைச்சன்."

"பயத்திலைதானே மச்சாள்."

"பயத்திலை. பிறகு பொலிஸ் வந்து, உங்கடை தம்பியைக் கழுத்தை நெரிச்சுத்தான் கொலை செய்திருக்கு எண்டு சொல்லேக்கை, இந்தத் துணியைப் பற்றி எனக்கு ஞாபகமே வரேல்லை. பெடியன்தான் எண்டு நம்பிட்டன். எத்தினை கோயிலிலை அவனைத் திட்டி நேர்ந்தனான் தெரியுமோ? வற்றாப்பளை அம்மனுக்கு முன்னாலை மண்ணள்ளிப் போட்டனான்."

வடிவம்மாவிடம் கோபம் மிச்சம் இல்லை.

"வடிவு" என்றாள் அன்னபாக்கியம், குரலைத் தாழ்த்தி. மூன்று வருசத்துக்குப் பிறகு அந்தப் பெயர். "முடிச்சு நல்லா இறுகிப்போய்க் கிடந்தது. விரலாலை அவிழ்க்க ஏலாமல் குனிஞ்சு பல்லாலை அவிழ்த்தனான். அவன்ரை நெத்தி என்ரை கழுத்திலை முட்டினது. சூடாத்தான் இருந்தது. வெயிலிலை கிடந்த உடம்புதானே எண்டு நினைச்சன். அப்பவும் உயிரோடை இருந்தவனோ என்னவோ."

இரண்டு பெண்களும் குழாயடியில் நின்றார்கள். யாரோ ஒரு கிளார்க் போத்தலில் தண்ணீர் பிடிக்க வந்து, இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, மற்றப் பக்கத்துக் குழாய்க்குப் போனார்.

"பெடியன் தலையை ஆட்டினவன். கண்டீங்களோ?" என்றாள் வடிவம்மா.

"கண்டனான். அவனுக்கும் தெரியும். என்ன செய்யப்போறாய்?"

"எனக்குத் தெரியேல்லை."

"நீ சொன்னா, புருசனைக் கொலை செய்தவள் எண்டுதான் ஊர் சொல்லும். அறியாமல் செய்தது எண்டெல்லாம் ஊர் பாக்காது. நானே மூண்டு வருசம் பாக்கேல்லை."

"சொல்லாட்டி அவனைச் சொல்லும்."

அன்னபாக்கியம் பூட்டின குழாயை இன்னொருமுறை இறுக்கிப் பூட்டினாள்.

யோகநாதன் ஒரு பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் எப்போதும் ஏழு வழக்கை ஒன்றாக யோசிக்கிற முகம். வடிவம்மா நேரே போய்க் கேட்டாள்.

"ஐயா, அவருக்கு நாடி கட்டினது நான். உங்களுக்குத் தெரியுமோ?"

யோகநாதன் கோப்பையைப் படியில் வைத்தார். அதை வைத்த விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"போன வருசம் பிரேத பரிசோதனை அறிக்கையை அவனுக்கு வாசிச்சுக் காட்டின அண்டைக்கே சொன்னவன் அம்மா. நான் துள்ளிக் குதிச்சன். இது போதும், வழக்கே மாறிப்போகும் எண்டன். அவன் ஒரே பிடி. அதை நீங்கள் கேட்டா நான் வேற சட்டத்தரணியைப் பிடிப்பன், அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை எண்டும் சொல்லுவன் எண்டான்."

"ஏனாம்?"

யோகநாதன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அப்பாவைத் தள்ளினது நான். அம்மா அவருக்குச் செய்ததெல்லாம் நல்லது எண்டே அம்மா நினைச்சுக்கொண்டு இருக்கட்டும் எண்டான்."

வடிவம்மா படியில் இருந்துவிட்டாள். ஒரு வருசமாக விளக்கமறியல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, சுகமாய் இருக்கிறன் அம்மா, நீங்கள் இடுப்புக்கு எண்ணெய் போடுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்த பெடியன் இதைத்தான் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன் மேல் பெரிய ஆத்திரம் வந்தது. அவ்வளவு அன்பை அவள் அவனிடம் கேட்கவில்லை.

"கொலை எண்டு தீர்ந்தா என்ன ஐயா?"

"மரண தண்டனை எண்டு வாசிப்பினம். தூக்கிலை போடமாட்டினம். ஆனா சீவிய காலம் முழுக்க உள்ளைதான்."

"தள்ளினது மட்டும் எண்டால்?"

"அது வேற அம்மா. இருந்த காலத்தையும் பாத்து வெளியிலை விடவும் கூடும்."

"என்னை?"

"தெரியாமல் செய்ததைக் கொலை எண்டு சொல்லேலாது. ஆனா என்ன செய்வினம் எண்டு நான் உறுதி தரமாட்டன். தந்தா பொய்." அவர் பிளேன்டீயை எடுத்தார், குடிக்கவில்லை. "நான் அவனுக்கு நிக்கிற சட்டத்தரணி. அவன் வேண்டாம் எண்டதை நான் கேக்க ஏலாது."

"உங்களைத்தானே கேக்க வேண்டாம் எண்டவன்" என்றாள் வடிவம்மா.

ஒன்றரைக்கு மணி அடித்தது.

குறுக்கு விசாரணை பத்து நிமிசத்தில் முடிந்துவிட்டது. துவாயில் இரத்தக் கறை இருந்ததா என்று யோகநாதன் கேட்டார். இல்லை. துணியின் நூல் ஏதும் தோலில் ஒட்டியிருந்ததா? வெள்ளை நூல் ஒன்றிரண்டு. துவாய் நீலக்கோடு போட்டது அல்லவா? ஓம், ஆனால் அதிலும் வெள்ளை இருக்கிறது. எல்லாம் வாசல்வரை போய்த் திரும்பிவருகிற கேள்விகள். கடைசியில் அவர் ஒருமுறை கூண்டைத் திரும்பிப் பார்த்தார். பிரதாபன் கல்லாக நின்றான்.

"வேறு கேள்விகள் இல்லை, கனம் நீதிபதி அவர்களே."

டொக்டர் கோப்பை மூடிக் கையில் எடுத்தார். சாட்சிக் கூண்டின் படியில் ஒரு காலை வைத்தார்.

"ஐயா" என்றாள் வடிவம்மா.

எப்போது எழும்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சுதாஜினி சீலைத்தலைப்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வாசலில் நின்ற பொலிஸ்காரர் வேகமாக வந்து, "அம்மா, இதிலை கதைக்கக் கூடாது, இருங்கோ" என்றார்.

"அம்மா, இருங்கோ." அது கூண்டிலிருந்து வந்த குரல். மூன்று வருசத்தில் அந்த மண்டபத்துக்குள் பிரதாபன் தன் பெயரைத் தவிர வாய் திறந்து சொன்ன முதல் சொல் அதுதான்.

"இவ்வளவு நாளும் இருந்திட்டன் மகன்" என்றாள் அவள்.

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "யார் நீங்கள்?"

"செத்தவற்றை மனுசி ஐயா. அங்கை நிக்கிறவன்ரை தாய்."

"உங்களுடைய சாட்சியம் போன மாதமே முடிந்துவிட்டதே."

"முடிஞ்சது ஐயா. கேட்டதுக்கெல்லாம் சொன்னனான். இதை ஒருத்தரும் கேக்கேல்லை." அவளுக்குக் குரல் நடுங்கவில்லை. நடுங்குவதற்கும் தெம்பு வேண்டும். "வெள்ளை வேட்டித் துணியாலை அவற்றை நாடியைச் சேத்துக் கட்டினது நான். முடிச்சு உச்சியிலை போட்டனான். டொக்டர் ஐயா சொன்ன அந்த இடத்திலை. செத்துப்போனார் எண்டு நினைச்சுத்தான் கட்டினனான்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நின்றுவிட்டன. யோகநாதன் தலையைக் குனிந்து தன் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரச சட்டவாதி எழும்பினாள். "இது சாட்சியமாகாது, கனம் நீதிபதி அவர்களே. மகனைக் காப்பாற்றத் தாய் எதையும் சொல்லலாம். அப்படி ஒரு துணி இருந்ததற்கு வேறு யார் சாட்சி?"

நியாயமான கேள்விதான். வடிவம்மாவிடம் அதற்குப் பதில் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் அவள் இல்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பின்வாங்கில் ஒரு கைப்பை மடியிலிருந்து வழுக்கி விழுகிற சத்தம் கேட்டது.

"அவிழ்த்தது நான் ஐயா" என்றாள் அன்னபாக்கியம். வாங்கைப் பிடித்துக்கொண்டு மெல்லமெல்ல எழும்பினாள். "அந்தத் துணியை அடுப்பிலை போட்டதும் நான். டொக்டர் ஐயாவுக்குப் பொய் சொன்னதும் நான்தான்."

டொக்டர் செல்வநாயகம் படியில் வைத்த காலைத் திருப்பி எடுத்தார். சாட்சிக் கூண்டுக்குள் மறுபடி ஏறி, மூடின கோப்பைத் திறந்து, ஒரு படத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். கீழிருந்து மேலே விரலால் ஒரு கோடு இழுத்தார், காதோரமாக, உச்சி வரைக்கும்.

"கனம் நீதிபதி அவர்களே" என்றார். "காலையில் நான் சொன்ன ஒரு பதிலைத் திருத்த எனக்கு அனுமதி வேண்டும்."

"அதற்கு முதல்" என்றார் நீதிபதி, "இந்தத் தாய் இன்னும் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. இவருக்கு ஒரு சட்டத்தரணி வேண்டும்."

பழக்கத்தில் எழும்பப் பார்த்த யோகநாதன், மகனுக்காக நிற்கிற தான் தாய்க்கும் நிற்க முடியாது என்பது ஞாபகம் வந்து, திரும்ப இருந்தார். அரச சட்டவாதி எதையோ வேகமாக எழுதினாள். கூண்டில் பிரதாபன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. சுதாஜினி இப்போது சீலைத்தலைப்பை இழுக்கவில்லை. வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி சொன்னது வடிவம்மாவின் காதில் விழுந்ததோ தெரியாது. அவள் டொக்டரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் வெளியில் வருவானா, தன்னை உள்ளே போடுவார்களா என்பதெல்லாம் அந்த நேரம் அவளுடைய மனதில் இருக்கவில்லை. வேறொன்று இருந்தது. காலையிலிருந்து அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறாள்.

"டொக்டர் ஐயா" என்றாள். "நான் இறுக்கேக்கை அவருக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

நீதிபதி தடுக்கவில்லை. டொக்டர் படத்தைக் கீழே வைத்தார். இத்தனை வருசச் சேவையில் எத்தனையோ கேள்விக்கு உடனுக்குடன் பதில் சொன்ன அந்த மனிதர், இதற்குக் கோப்பை மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.